ஆயிரம் பேர், இரண்டு கணக்கு

(திருவாலங்காட்டில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



முதியோர் மனநலம் பற்றி நம் நாட்டில் நடந்த ஆராய்ச்சிகளைக் குறித்துப் பேசும்படி அறக்கட்டளையினர் கேட்டுக்கொண்டார்கள். ஆராய்ச்சி என்றாலே எங்கோ வெளிநாட்டில் நடப்பது என்ற எண்ணம் நமக்கு உண்டு. நான் முதலில் சொல்லப்போகும் ஆய்வு நடந்த இடத்துக்கு, இந்த ஊர் ஸ்டேஷனில் ரயிலேறி அரக்கோணத்தில் வண்டி மாறிக் காட்பாடியில் இறங்கினால் போய்விடலாம். வேலூரை ஒட்டிய கணியம்பாடி ஒன்றியம். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி நெடுங்காலமாகக் களப்பணி செய்துவரும் பகுதி அது. இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் அங்கே 65 வயது நிறைந்த ஆயிரம் பேரை வீடு தேடிப் போய்ச் சோதித்தார்கள். மனநல மருத்துவர் கே. எஸ். ஜேக்கப் முன்னின்று நடத்திய பணி.

அவர்களில் எத்தனை பேருக்கு மறதிநோய், அதாவது டிமென்ஷியா? இரண்டு விடை கிடைத்தது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் இலக்கணப்படி எண்ணினால் நூற்றுக்கு 0.3, ஆயிரத்துக்கு மூன்று பேர். இன்னொரு முறைப்படி எண்ணினால் நூற்றுக்குப் பத்தைத் தாண்டியது. ஆயிரத்துக்கு நூறு பேருக்கு மேல். அதே ஊர்கள், அதே மனிதர்கள், அதே கேள்வித்தாள். முப்பது மடங்கு வித்தியாசம். இன்றைக்கு நான் பேச வந்தது இந்த வித்தியாசத்தைப் பற்றித்தான்.

இரண்டாவது முறையை உருவாக்கியவர்கள் ‘10/66’ என்ற ஆய்வுக் குழுவினர். 1998இல் கொச்சியில் கூடியபோது தொடங்கியது. உலகின் மறதிநோயாளிகளில் 66 விழுக்காட்டினர் வளரும் நாடுகளில் இருப்பதாக அப்போது மதிப்பிட்டிருந்தார்கள். மக்களிடையே நடந்த ஆய்வுகளில் 10 விழுக்காடுகூட அவர்களைப் பற்றியதாக இருக்கவில்லை. அந்தக் கணக்கையே குழுவுக்குப் பெயராக வைத்துக்கொண்டார்கள். கியூபா, டொமினிகன் குடியரசு, சீனா எனப் பல நாடுகளில் களங்கள். இந்தியாவில் இரண்டு: கிராமத்துக்குக் கணியம்பாடி, நகரத்துக்குச் சென்னை. ஏழு நாடுகளில் ஏறக்குறைய 15,000 பேரைப் பார்த்து 2008இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். அமெரிக்க இலக்கணத்தில் கியூபாவுக்கு 6.3 விழுக்காடு, நம் கிராமத்துக்கு 0.3. புது முறையிலோ நாடுகளுக்கிடையே இவ்வளவு பெரிய பள்ளமும் மேடும் இல்லை.

அமெரிக்க இலக்கணத்துக்கு இரண்டு கால்கள். நினைவாற்றலும் வேறு சில அறிவுத்திறன்களும் குன்றியிருக்க வேண்டும் என்பது ஒன்று. அதனால் அவருடைய வேலையும் புழக்கமும் முன்பு இருந்ததைவிடக் குறிப்பிடும்படி கெட்டிருக்க வேண்டும் என்பது மற்றொன்று. முதல் காலை டாக்டர் சோதிக்கலாம். இரண்டாவதை வீட்டார் சொன்னால்தான் தெரியும்.

இந்தத் திருவாலங்காடு ஒன்றியத்தில் எந்த ஊரிலும் இருக்கக்கூடிய ஓர் ஆயாவை நினைத்துக்கொள்வோம். வயது 74. ஐந்தாறு வருடம் முன்பே மருமகள் அடுப்படியை வாங்கிக்கொண்டாள். ரேஷன் கடைக்குப் பேரன் போகிறான். மாதாமாதம் வரும் ஓய்வூதியத்தை மகன் எடுத்துவந்து கையில் கொடுக்கிறார். களையெடுக்கப் போவதில்லை, கரும்பு வெட்டு நடக்கும் பக்கமும் போவதில்லை. திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார், கூப்பிட்டால் வந்து சாப்பிடுகிறார். இப்போது ஒரு களப்பணியாளர் வந்து, “ஆயாவால இப்ப அன்றாட வேலை எல்லாம் செய்ய முடியுதா?” என்று கேட்கிறார். வீட்டார் என்ன சொல்வார்கள்? “அவங்களுக்கு இன்னா வேல இருக்குது? நல்லாத்தான் இருக்காங்க.” ஆயா நேற்றுச் சாப்பிட்டதை மறந்திருக்கலாம். செத்துப்போன தம்பி இன்னும் வரவில்லையே என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். ஆனாலும் இரண்டாவது கால் இல்லை. ஆகவே நோயும் இல்லை.

வயதானவர்களுக்கு வேலை வைக்கக் கூடாது என்பது நம் மரியாதை. அந்த மரியாதைதான் இங்கே நோயை மூடி வைக்கிறது. இதை வைத்துக் கிராமத்துக் குடும்பங்களைப் பாராட்டிவிட்டு நகர்ந்துவிட முடியாது. பக்கத்து வீட்டில் இன்னொரு ஆயா இருப்பார்; அவரிடம் யாரும் பேசுவதே இல்லை. தட்டை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். அங்கேயும் களப்பணியாளருக்கு அதே பதில்தான் கிடைக்கும்: நல்லாத்தான் இருக்காங்க. தாங்குகிற வீடும் தள்ளிவைத்த வீடும் படிவத்தில் ஒரே கட்டத்தில் டிக் வாங்கும்.

புது முறையில் மட்டும் எப்படிப் பத்துக்கு மேல் வந்தது, அது நோயில்லாதவர்களையும் பிடித்து அடைக்கிறதா என்று கேட்பது நியாயம். அந்தக் கேள்வியை அவர்களே போட்டுக்கொண்டார்கள். சென்னைக் களத்தில் நோய் உண்டு என்று குறிக்கப்பட்டவர்களை மூன்றாண்டு கழித்துத் தேடிப் போனார்கள். மற்றவர்களைவிட இவர்களில் இறந்தவர்கள் அதிகம். இருந்தவர்களிடம் பெரும்பாலும் நோய் முற்றிய அடையாளங்கள் தெரிந்தன. எல்லோருக்கும் அல்ல, கொஞ்சம் பதர் கலந்திருக்கிறது. ஆனால் மூன்று என்ற கணக்கைவிட நூறு என்ற கணக்கு உண்மைக்குப் பக்கத்தில் நிற்கிறது என்பது என் முடிவு.

இதற்கு முன்பும் கணக்கெடுத்திருக்கிறார்கள். அரியானாவின் பல்லப்கரில் இந்திய–அமெரிக்கக் கூட்டு ஆய்வு ஒன்று 55 வயதுக்கு மேற்பட்ட ஐயாயிரத்துச் சொச்சம் பேரைப் பார்த்துவிட்டு, நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை என்று 1998இல் சொன்னது. உடனே நாம் சாப்பிடும் மஞ்சள்தான் காரணம் என்று பேச்சு கிளம்பியது. இன்றைக்கும் வாட்சப்பில் சுற்றுகிறது. பல்லப்கர் ஆய்வைப் பொய் என்று நான் சொல்லவில்லை. மிகக் கவனமாகச் செய்யப்பட்ட வேலை. புதிதாக நோய் வருகிறவர்களையும் தொடர்ந்து பார்த்தார்கள், அதுவும் குறைவாகவே இருந்தது. நோய்க்கு வழிசெய்யும் ஒரு மரபணு வகையும் அங்கே குறைவு. அந்த ஊர்க் கணக்கு அந்த ஊருக்குப் பொருந்தலாம். அதைத் தூக்கி இந்தியா முழுமைக்கும் போர்த்தியதுதான் தவறு. அதே காலத்தில் நம் திருப்போரூர்ப் பகுதியில் எஸ். ராஜ்குமார், ஆர். தாரா முதலியோர் 60 வயது தாண்டிய 750 பேரைப் பார்த்து 3.5 விழுக்காடு என்றார்கள், 1997இல் அச்சானது. மஞ்சள் திருப்போரூரிலும்தான் சாப்பிடுகிறார்கள்.

இப்போது நம் கையில் இருக்கும் பெரிய கணக்கு, நாடு தழுவிய முதுமை ஆய்வின் கிளையாக நடந்தது. 4,096 பேர், பதினெட்டு மாநிலங்கள். 2023இல் வந்த முடிவு: 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் 7.4 விழுக்காடு, ஏறத்தாழ 88 லட்சம் பேர். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். இதில் பெரிய மர்மம் ஏதுமில்லை. பள்ளிக்கூடம் போகாதவர்கள் யார் என்று பார்த்தால் பாதி விடை கிடைத்துவிடும். மக்கள்தொகையில் முதியவர்களின் பங்கில் கேரளத்துக்கு அடுத்த மாநிலம் தமிழ்நாடு. நூற்றுக்குப் பதின்மூன்றரைக்கு மேல்.

பள்ளிக்கூடம் என்றதும் சோதனைக் கேள்விகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். உலகமெங்கும் புழங்கும் நினைவுச் சோதனை படித்தவர்களுக்காக எழுதப்பட்டது. இன்று என்ன தேதி, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள், ஒரு வாக்கியம் எழுதுங்கள், இந்தப் படத்தைப் பார்த்து வரையுங்கள். பேனாவே பிடிக்காத ஒருவரிடம் இதையெல்லாம் கேட்டால் அவருடைய மூளையைப் பற்றி ஒன்றும் தெரியாது. அந்தக் காலத்து அரசாங்கம் பள்ளி கட்டவில்லை என்பதுதான் தெரியும். பல்லப்கரில் இதை மாற்றினார்கள். ஏழு ஏழாகக் கழிப்பது இருபதிலிருந்து மூன்று மூன்றாகக் கழிப்பதாயிற்று. வாக்கியம் எழுதுவதற்குப் பதில் உங்கள் வீட்டைப் பற்றி ஒரு வரி சொல்லுங்கள் என்றார்கள். 10/66 சோதனையில் பாலம் எதற்கு, சுத்தியலால் என்ன செய்வோம், மருந்து வாங்க எங்கே போவோம் என்பது போலக் கேட்கிறார்கள். இங்குள்ள பெரியவர்கள் பலருக்குத் தேதி தெரியாது. ஆடிக் கிருத்திகைக்கு இன்னும் எத்தனை நாள் என்று கேளுங்கள், விரல் விட்டு எண்ணிச் சொல்வார்கள். சொல்ல முடியாமல் திகைத்தால், அந்தத் திகைப்பு டாக்டருக்குத் தேவைப்படும் தகவல்.

இந்த வட்டாரத்துக்கென்று ஒரு சங்கதி இருக்கிறது. 1960 ஏப்ரலில் திருத்தணி ஆந்திரத்திலிருந்து நம்மோடு சேர்ந்தது. எல்லைக்கோடு மாறினாலும் வீட்டுக்குள் பேச்சு மாறவில்லை. தாத்தாவோடு தெலுங்கு, கடைத்தெருவில் தமிழ், சம்பந்தி வீட்டில் இரண்டும் கலந்து. அவ்வா என்று கூப்பிடும் வீடுகளும் ஆயா என்று கூப்பிடும் வீடுகளும் ஒரே தெருவில் இருக்கின்றன. ஐதராபாத்தில் நரம்பியல் மருத்துவர் சுவர்ணா அல்லாடி தம்மிடம் வந்த 648 மறதிநோயாளிகளின் விவரங்களைத் தொகுத்து 2013இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரே மொழி பேசியவர்களைவிட இரண்டு மொழி பேசியவர்களுக்கு நோய் நாலரை ஆண்டு தாமதமாகத் தொடங்கியிருந்தது. படிப்பால் வந்த பலனாக இருக்கலாமே என்றால், எழுத்தறியாதவர்களிடமும் அந்தத் தாமதம் தெரிந்தது. அதுவரை வந்த இத்தகைய ஆய்வுகளில் படிப்பையும் மொழியையும் பிரித்துப் பார்ப்பது கடினமாக இருந்தது. குடியேறியவர்களிடையே நடந்தவை அவற்றில் பல. ஐதராபாத்தில் தெருவில் விளையாடியே மூன்று மொழி கற்றவர்கள் இருந்ததால்தான் பிரித்துப் பார்க்க முடிந்தது. இது ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களின் கணக்கு, ஊர்க்கணக்கு அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெலுங்கு பேசினால் மறதி வராது என்று யாரும் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிடாதீர்கள்! ஆனால் ஊர்க்கணக்காகவே எடுத்துப் பார்க்க வேண்டும் என்றால் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பக்கத்தைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை.

சோதிக்கிறவர்களுக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. நோய் முற்றும்போது பலருக்குப் பிந்தி வந்த மொழி முதலில் கழன்று, தாய்மொழி நிற்கும். நாற்பது வருடம் தமிழிலேயே புழங்கிய அவ்வா திடீரென்று தெலுங்கு மட்டுமே பேச ஆரம்பிப்பார். தமிழ் மட்டுமே அறிந்த பேத்தி அதைப் புலம்பல் என்று நினைப்பாள். தமிழில் மட்டும் சோதித்தால் உள்ளதைவிட மோசமான மதிப்பெண்தான் விழும்.

மனச்சோர்வுக்கு வருகிறேன். இதில்தான் எனக்குச் சொல்ல அதிகம் இருக்கிறது. அதே கணியம்பாடி ஆயிரம் பேரிடம் மனச்சோர்வையும் பார்த்தார்கள், 2009இல் வெளியாயிற்று. நூற்றுக்கு 12.7 பேருக்கு அதற்கு முந்தைய ஒரு மாதத்தில் மருத்துவ அளவில் மனச்சோர்வு நோய் இருந்தது. எட்டில் ஒருவர். யாருக்கு வந்தது? வயது கூடக்கூட வரும் என்று நினைப்போம். வயதோடு தொடர்பு இல்லை. பெண்களுக்கு அதிகம் வரும் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம், அதுவும் இல்லை. நினைவு மங்கியதற்கும் இதற்கும்கூடத் தொடர்பு தெரியவில்லை. தொடர்பு தெரிந்தவை வேறு: குறைந்த வருமானம், இதயநோய், சர்க்கரை, தலையில் பட்ட பழைய அடி, வந்து போன சிறு பக்கவாதம். அப்புறம் பசி. சாப்பாடு பற்றாமல் பசியோடு இருந்தவர்களுக்கு மனச்சோர்வின் வாய்ப்பு இரண்டரை மடங்கு.

பசி என்ற சொல்லை மனநல ஆய்வுக் கட்டுரைகளில் அடிக்கடி பார்க்க முடியாது. வீட்டில் அரிசி இல்லாத பசி மட்டும் அல்ல இது. அரிசி இருந்தும் இரண்டாவது முறை கேட்கக் கூச்சப்படும் பசியும் இருக்கிறது. மகன் கம்பெனி பஸ்ஸில் அம்பத்தூருக்கோ ஸ்ரீபெரும்புதூருக்கோ போயிருப்பார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை என்றால் வாரக்கணக்கில் அங்கேயே தங்கியிருப்பார். மருமகளும் வேலைக்குப் போகிறாள். பகலில் வீட்டில் பெரியவர் மட்டும். சோறு மூடி வைத்திருக்கும். எடுத்துப் போட்டுச் சாப்பிடத் தெம்பு வேண்டும், நினைவு வேண்டும், முதலில் விருப்பம் வேண்டும். தொழிற்சாலைகள் நம் வீடுகளுக்குச் சம்பளம் கொண்டுவந்தன. அதை யாரும் குறை சொல்ல முடியாது. மத்தியானச் சாப்பாட்டு வேளையை மட்டும் கொண்டுபோய்விட்டன.

அதே ஆய்வில், மனச்சோர்வைத் தடுத்த காரணி என்று ஒன்றே ஒன்று தேறியது: மனம் விட்டுப் பேச ஆள் இருப்பது. அதிகம் பேர் அப்படி இருந்தவர்களுக்கு நோயின் வாய்ப்பு ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகக் குறைந்தது. மாத்திரையில் இப்படி ஒரு பலன் வந்தால் கம்பெனிக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆனால் அவசரப்படக் கூடாது. மனம் சோர்ந்தவர் ஆட்களை விட்டு விலகுவார். ஆள் இல்லாததால் சோர்வா, சோர்வால் ஆள் இல்லையா என்பதை ஒரே தடவை எடுக்கும் கணக்கில் சொல்ல முடியாது.

அப்படியானால் பேச ஆள் அனுப்பிப் பார்க்கலாமே என்று தோன்றும். அதையும் தமிழ்நாட்டில் செய்து பார்த்தார்கள். தனியாக வாழும் 55 வயதுக்கு மேற்பட்ட 1,120 பேர். சிலருக்கு ஆறு வாரம் தொலைபேசியில் மனநல ஆலோசனை, சிலருக்கு ஒரு தடவை ஆயிரம் ரூபாய், சிலருக்கு இரண்டும், சிலருக்கு எதுவுமில்லை. நோபல் பரிசு பெற்ற அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டூஃப்ளோ இருவரும் பங்குகொண்ட ஆய்வு; 2023இல் முடிவு வந்தது. மூன்று வாரம் கழித்துப் பார்த்தாலும் மூன்று மாதம் கழித்துப் பார்த்தாலும் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் இல்லை. இந்தத் தோல்வியை மறைக்காமல் அச்சிட்டது நல்ல காரியம். ஆறு வாரம் போனில் வந்த குரல், பக்கத்துத் திண்ணையில் முப்பது வருடம் உட்கார்ந்திருந்த ஆளுக்கு ஈடாகாது என்று நான் படித்துக்கொள்கிறேன். வேறு மாதிரியும் படிக்கலாம்.

இந்த ஊரில் நின்று முதுமையைப் பேசிவிட்டுக் காரைக்கால் அம்மையாரைச் சொல்லாமல் போனால் கேட்பவர்கள் விடமாட்டீர்கள். இளமையையும் அழகையும் உதறிவிட்டுப் பேயுருவைக் கேட்டு வாங்கியவர். தலையால் நடந்து இங்கே வந்தார் என்பது வரலாறு. அறுபத்துமூவர் வரிசையில் மற்றவர்கள் நிற்க, அவர் உட்கார்ந்திருப்பார். முதுமைக்கு இவ்வளவு கௌரவமான இருக்கை கொடுத்த ஊரில், ஓய்வூதியப் பணம் எங்கே என்று கேட்டு அழும் ஆயாவைப் பார்த்து ‘புத்தி கெட்டுப்போச்சு’ என்கிறோம். “துட்ட மருமவ எடுத்துக்கினா” என்ற சண்டை பல வீடுகளில் நடக்கிறது. வைத்த இடம் மறந்துபோகிறது. மறந்துவிட்டது என்பதும் மறந்துபோகிறது. மிஞ்சும் விளக்கம் திருட்டு ஒன்றுதான். மறதிநோயில் இது மிகச் சாதாரணமாக வரும் அறிகுறி. அது தெரியாமல் மருமகள்கள் வாங்கிய பழிக்குக் கணக்கே இல்லை.

மருந்து உண்டா என்று கேட்பீர்கள். இப்போது கிடைக்கும் மாத்திரைகள் சிலருக்குக் கொஞ்ச காலம் கொஞ்சம் உதவும். மூளையில் படியும் புரதத்தை அகற்றும் ஊசிகள் 2023 முதல் அமெரிக்காவில் முழு அனுமதியோடு வந்திருக்கின்றன. தொடக்க நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும், திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டு, பெரும் செலவில் போட வேண்டியவை. இந்த மேடையில் அதற்கு மேல் அவற்றுக்கு நேரம் கொடுக்க எனக்கு மனமில்லை. நேரம் கொடுக்க வேண்டியது வேறொரு பட்டியலுக்கு. ‘லான்செட்’ ஆணையம் 2024இல் பதினான்கு காரணிகளைச் சொன்னது. அவற்றைக் கையாண்டால் உலகில் 45 விழுக்காடு மறதிநோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்பது கணக்கு. ரத்த அழுத்தம், சர்க்கரை, புகை, குடி, தலையில் அடி, காற்று மாசு, தனிமை, காது கேளாமை, கண் மங்கல் எல்லாம் அதில் உண்டு. கண்ணுக்கு ஊர் ஊராய் முகாம் போடுகிறோம். காதுக்குப் போடுவதில்லை. காது கேட்காத பெரியவரை மறதிக்காரர் என்று முடிவு கட்டிவிடுவதும் நடக்கிறது. தைராய்டு, பி12 குறைவு, கீழே விழுந்து மூளைமேல் உறைந்த ரத்தம் ஆகியவையும் மறதியாய்க் காட்டும். இவை கண்டுபிடித்தால் சரிசெய்யக்கூடியவை. திருவள்ளூர் மருத்துவக் கல்லூரி 2022இல் வந்துவிட்ட பிறகு இந்தச் சோதனைகளுக்காகச் சென்னைக்குப் போகவேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

கண்டுபிடிப்பது யார்? ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021 ஆகஸ்டில் தொடங்கியதிலிருந்து அழுத்த மாத்திரையும் சர்க்கரை மாத்திரையும் கொடுக்கத் தன்னார்வலர்கள் வீட்டுப்படி ஏறுகிறார்கள். இந்த அரங்கிலும் சிலர் உட்கார்ந்திருக்கிறீர்கள். கேரளத்தில் திருச்சூர்ப் பக்கம் கே. எஸ். ஷாஜி என்ற மனநல மருத்துவர் உள்ளூர்ச் சுகாதாரப் பணியாளர்களுக்குச் சிறு பயிற்சி கொடுத்து, உங்கள் பகுதியில் மறதிநோய் இருக்கலாம் என்று படுகிறவர்களைச் சொல்லுங்கள் என்றார். 51 பேரைச் சொன்னார்கள். டாக்டர் போய்ப் பார்த்ததில் 33 பேருக்கு நோய் இருந்தது. மூன்றில் இரண்டு சரி. ஸ்கேன் இல்லை, ரத்தப் பரிசோதனை இல்லை. அந்த வீடுகளைத் தெரியும் என்பது ஒன்றுதான் அவர்கள் கையில் இருந்த கருவி. கோவாவில் 81 குடும்பங்களை வைத்து நடந்த சோதனையின் முடிவும் 2008இல் வந்தது. மருத்துவம் படிக்காத உள்ளூர் ஆட்களே வீட்டுக்குப் போய் நோயைப் பற்றி விளக்கி, பார்த்துக்கொள்கிறவரின் பாரத்தைக் கேட்டார்கள். நோயாளியின் நினைவு திரும்பவில்லை. பார்த்துக்கொண்டவர்களின் மன உளைச்சல் குறைந்தது.

தன்னார்வலர்களுக்காக ஒரு வேண்டுகோள். “வேலையெல்லாம் செய்ய முடியுதா?” என்று கேட்காதீர்கள், அதற்கு வரும் பதிலை ஏற்கெனவே பார்த்தோம். “போன வருஷம் செஞ்சிக்கினு இருந்து, இந்த வருஷம் விட்டுட்ட வேல எது?” என்று கேளுங்கள். பூக்கட்டுவது, மாட்டுக்குத் தண்ணி காட்டுவது, கோயிலுக்குத் தனியாகப் போய்த் திரும்புவது, மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்வது, எதுவாகவும் இருக்கலாம். “அத இப்ப யார் செய்றாங்க?” என்பது அடுத்த கேள்வி. மகனிடம் கேட்டுவிட்டுத் திரும்பிவிடாதீர்கள். அவர் நைட் ஷிப்டு முடித்து வந்து தூங்குகிறவர், நல்லாத்தான் இருக்காங்க என்பார். மருமகளிடம் கேளுங்கள், ஆயா காதில் விழாத இடத்தில், அவள் கைவேலை முடியும்வரை காத்திருந்து.